மனோவாவின் மன்றாட்டு



பிள்ளை வளர்ப்பிலே இறைவனுடைய வழிநடத்தலைக் கிறிஸ்தவப் பெற்றோர் நாடுவது எவ்வாறு என்பது இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பொருள் கிறிஸ்தவ இல்லத்தைச் சார்ந்ததாயினும், பிள்ளையைப் பெற்று வளர்ப்போர் உள்ளத்தில் எழும் கவலைகள் எல்லா இல்லங்களிலும் ஒரே தன்மையனவே. ஆகையால் பிற சமயங்களைச் சார்ந்த நேயர்களும் இப்பேச்சைத் தமக்குப் புறம்பானதென்று கருதாது செவிமடுக்குமாறு வேண்டிக்கொள்கின்றேன்.

பிள்ளைகளுக்காக ஜெபிக்காத பெற்றோர் நம்மிடையே மிகச் சிலரே. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது ஆலயங்களிலே விண்ணப்பங்கள் பெருகுகின்றன. க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு முதல் நாள் பேனாவையும் அனுமதி அட்டையையும் திருப்பீடத்தின்முன் வைத்து ஆசீர்வாதம் பெற்றுச் செல்லும் பிள்ளைகளும் உளர். பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவேண்டும், வெளிநாட்டு விசா கிடைக்கவேண்டும், நல்ல இடத்திலே திருமணம் கூடிவரவேண்டும் என்று பெற்றோர் மன்றாடுகின்றனர். இவற்றிலே குற்றம் ஒன்றுமில்லை. பிள்ளை தன் தேவையைத் தந்தையிடம் கேளாமல் வேறு யாரிடம் கேட்பது?

ஆயினும் இவ்விண்ணப்பங்களைச் சற்று ஆராய்ந்து பார்ப்போமாயின் ஓர் உண்மை புலனாகும். போகவேண்டிய இடத்தை நாமே தீர்மானித்துவிட்டோம். அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்படி மாத்திரமே இறைவனை வேண்டுகின்றோம். இது உதவி கேட்பது. வழி கேட்பது வேறு. வழி கேட்கிறவன் தனக்கு வழி தெரியாதென்பதை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். சொல்லப்படும் வழி தான் எண்ணியிராத திசையிற் செல்லுமாயினும் அதிலே நடக்கச் சித்தமாயிருக்கவேண்டும். பெற்றோராகிய நமக்கு இது எளிதன்று.

இவ்வாறு வழி கேட்ட ஒரு தந்தையைத் திருமறை நமக்குக் காட்டுகின்றது. அவன் பெயர் மனோவா. நியாயாதிபதிகளின் ஆகமத்திலே பதின்மூன்றாம் அதிகாரத்தில் அவன் வரலாறு உண்டு. தாண் கோத்திரத்தானாகிய அவன் சோரா என்னும் ஊரிலே வாழ்ந்தவன். அவன் மனைவி நெடுங்காலம் பிள்ளையில்லாதிருந்தாள். அவளுடைய பெயரைத் திருமறை கூறவில்லை. ஒருநாள் தேவதூதன் அவளுக்குத் தோன்றி, அவள் ஒரு மகனைப் பெறுவாளென்றும், அவன் பிறப்பிலிருந்தே இறைவனுக்கென்று வேறுபிரிக்கப்பட்டவனாயிருப்பான் என்றும் அறிவித்தான். அப்பிள்ளையே பின்னர் சிம்சோன் எனப் பெயர்பெற்றவன்.

மனைவி சொன்ன செய்தியைக் கேட்ட மனோவா என்ன செய்தான்? மகன் பெரிய வீரனாவானா, பொருள் சேர்ப்பானா என்று அவன் கேட்கவில்லை. அந்தத் தேவமனிதன் மறுபடியும் வந்து, பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தாங்கள் செய்யவேண்டியது யாது என்பதைத் தங்களுக்குக் கற்பிக்கவேண்டும் என்று மன்றாடினான். அம்மன்றாட்டு கேட்கப்பட்டது. தூதன் மீண்டும் வந்தான். ஆனால் அப்போதும் வயல்வெளியில் இருந்த மனைவியிடமே வந்தான். அவள் தான் மாத்திரம் கேட்டால் போதுமென்று இராமல், ஓடிச்சென்று கணவனை அழைத்துவந்தாள்.

இங்கே இரண்டு செய்திகளை நாம் கவனிக்கவேண்டும். முதலாவது, மனோவா கேட்ட காலம். பிள்ளை பிறப்பதற்கு முன்னரே அவன் வழி கேட்டான். நம்மவர் பலர், பிள்ளை பதினைந்து பதினாறு வயதை அடைந்து, சொற்கேளாமல் நடக்கத் தொடங்கிய பின்னரே குருவானவரையும் ஆசிரியரையும் தேடி ஓடுகின்றனர். அப்போதும் காலம் கடந்துவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தொட்டிலருகே தொடங்கவேண்டியதை வாசற்படியிலே நின்று தொடங்குவது கடினமான காரியம்.

இரண்டாவது, தாயும் தந்தையும் சேர்ந்தே கேட்டனர். பிள்ளையின் பக்தியும் ஒழுக்கமும் தாயின் பொறுப்பு, உழைத்துப் பணம் கொண்டுவருவது தந்தையின் பொறுப்பு என்று வேலைப் பங்கீடு செய்துகொண்ட இல்லங்கள் நம்மிடையே எத்தனை! தாய் பிள்ளைகளை ஆலயத்திற்கு அழைத்துச் செல்வாள். தந்தை வாசலிலே வாகனத்தை நிறுத்திவிட்டுப் பத்திரிகை வாசிப்பார். பக்தி என்பது பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியதென்ற பாடத்தை ஆண்பிள்ளை அந்த வாசலிலே கற்றுக்கொள்கின்றான். மனோவாவோ தானே மன்றாடினான், தானே எழுந்து மனைவியின் பின்னே சென்றான், தானே கேட்டான்.

நேயர்களே, அவன் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடைதான் நம்முடைய சிந்தனைக்கு உரியது. பிள்ளையை எப்படி நடத்தவேண்டும் என்பது கேள்வி. பிள்ளையை இத்தனை மணிக்கு எழுப்பு, இந்தப் பாடத்தைப் படிப்பி, இன்ன தண்டனை கொடு என்று விடை வரவில்லை. தாய்க்கு முன்னரே சொல்லப்பட்டவற்றை அவள் கவனமாய்க் கைக்கொள்ளவேண்டும் என்பதே தூதன் சொன்ன விடை. அவளுக்குச் சொல்லப்பட்டவை எவை? அவள் திராட்சரசத்தையும் மதுபானத்தையும் விலக்கவேண்டும், தீட்டானதை உண்ணலாகாது என்பவை. அதாவது, பிள்ளையைப் பற்றிக் கேட்ட கேள்விக்குப் பெற்றோரைப் பற்றிய விடை வந்தது.

பிள்ளை வளர்ப்பிலே இறைவனுடைய வழிநடத்தலை நாடுகிறவர்கள் பெரும்பாலும் இவ்விடத்திலேயே திகைக்கின்றனர். பிள்ளையைத் திருத்தவேண்டும் என்று நாம் முழங்காலிலே நிற்கின்றோம். நம்மைத் திருத்தும்படியான சொல் நமக்கு வருகின்றது.

நாளாந்த வாழ்க்கையிலே இதனைப் பொருத்திப் பார்ப்போம். பிள்ளை கையடக்கத் தொலைபேசியை விட்டுப் பிரியான் என்று பெற்றோர் முறையிடாத பாடசாலை இன்று நாட்டில் இல்லை. அந்தப் பெற்றோரிடம் ஒன்று கேட்கலாம். மாலையிலே பிள்ளை வந்து பேசும்போது உங்கள் கண் எங்கே இருக்கின்றது? பிள்ளையின் முகத்திலா, கையில் ஒளிரும் சிறு கண்ணாடியிலா? தந்தையின் மேசையிலே மதுப்போத்தல் இருக்க, மகன் குடிப்பழக்கத்திற்கு ஆளாகாதபடி காக்கவேண்டும் என்று தாய் ஜெபித்தால், அந்த ஜெபத்திற்கு விடை மேசையிலேயே காத்திருக்கின்றது. கடன்காரர் படலையிலே வந்து அழைக்கும்போது, அப்பா வீட்டில் இல்லையென்று சொல்லும்படி பிள்ளையை அனுப்பிவிட்டு, பிள்ளை பொய் சொல்கின்றான் என்று ஆசிரியரிடம் முறையிடுவதிலே பயன் என்ன? ஆலயத்திலே எல்லோரும் ஒரே பந்தியில் இருந்து, வீட்டிற்கு வந்ததும் பிறருடைய குலத்தையும் குறையையும் பற்றி இழித்துப் பேசுவோமாயின், பிள்ளை எந்தப் பிரசங்கத்தை நினைவிலே வைத்துக்கொள்வான்?

நம் நாட்டுப் பாடசாலைகளிலே சமயம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. அதற்குப் பாடநூல் உண்டு, பரீட்சை உண்டு, புள்ளியும் உண்டு. அதிலே மிகச் சிறந்த புள்ளி பெறும் பிள்ளைகளைக் கண்டு நான் மகிழ்கின்றேன். ஆனால் பாடசாலை கற்பிக்கக்கூடியது சமய அறிவை மாத்திரமே. ஒரு மனிதன் தன் தவறை எவ்வாறு ஒப்புக்கொள்கின்றான், பகைத்தவனை எவ்வாறு மன்னிக்கின்றான், இல்லாத நாளிலே எவ்வாறு நன்றி சொல்கின்றான் என்பவற்றை எந்த ஆசிரியராலும் கரும்பலகையில் எழுதிக் காட்ட இயலாது. அவை வீட்டிலே காணப்படவேண்டியவை.

இனி, வழிநடத்தல் நமக்கு எவ்வாறு வருகின்றது என்ற கேள்வி எழுகின்றது. மனோவாவுக்கு வந்த தூதன் நம் வளவுக்குள் வருவதில்லை. திருமறையை ஒழுங்காக வாசிப்பதனாலும், பேச்சைக் குறைத்து அமைதியாக ஜெபிப்பதனாலும், பிள்ளையை உற்றுக் கவனிப்பதனாலும், அனுபவமுள்ள பெரியோரின் ஆலோசனையைக் கேட்பதனாலும் அது வருகின்றது. இந்நான்கிலே மூன்றாவதை நாம் பெரிதும் மறந்துவிடுகின்றோம். தோட்டக்காரன் நிலத்தைப் பாராமல் விதையைத் தெரிவு செய்வதில்லை. பிள்ளை எதிலே மகிழ்கின்றது, எதைக் கண்டு அஞ்சுகின்றது, எவ்வேளையில் மௌனமாகின்றது என்று பாராமல், இறைவன் அதற்கு வைத்திருக்கும் வழியை நாம் எவ்வாறு அறிவோம்? அவர் அப்பிள்ளைக்குள் வைத்திருக்கும் இயல்பும் அவர் நமக்கு எழுதிய கடிதம் அல்லவா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. தம் ஆசையை இறைவனுடைய சித்தம் என்று பெயர் சூட்டுவது பக்தியுள்ள பெற்றோருக்கு நேரக்கூடிய பெரிய சோதனை. நீ வைத்தியராகவேண்டும் என்பது கடவுளின் சித்தம் என்று ஒரு தந்தை மகளுக்குச் சொல்லிவிட்டால், அவள் தந்தையோடு மாத்திரமன்றிக் கடவுளோடும் வழக்காடவேண்டியவளாகின்றாள். பரீட்சையிலே வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் குறைந்துவிட்டால், தந்தையின் முகம் மாறுவதோடு கடவுளின் முகமும் மாறிவிட்டதாக அப்பிள்ளைக்குத் தோன்றுகின்றது. பத்து வயதுக் குழந்தைக்கு இதனினும் பாரமான சுமை உண்டோ? சொற்கேளாவிட்டால் கடவுள் கண்ணைக் குத்துவார் என்று குழந்தையை அச்சுறுத்துவதும் இவ்வகையைச் சார்ந்ததே. காவலுக்குக் கடவுளின் பெயரைப் பயன்படுத்தும் வீட்டில், பிள்ளை வளர்ந்து காவலைக் கடக்கும் நாளிலே கடவுளையும் கடந்து போய்விடுகின்றான்.

அப்படியாயின் நம் ஆசையையும் இறை சித்தத்தையும் பிரித்தறிவது எப்படி? எளிய உரைகல் ஒன்று உண்டு. இந்த எண்ணம் நிறைவேறினால் பெருமை யாருக்கு என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம். அயல் வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டபோது பிறந்த எண்ணமா இது? இதை ஊரறியச் சொல்ல முடியாதென்றால் அப்போதும் இதை விரும்புவேனா? இக்கேள்விகளுக்கு உள்ளம் தயங்குமாயின், அது நம் சொந்தக் குரலே என்று ஐயுறலாம்.

இயேசுவின் பெற்றோருக்கும் இவ்வகைத் திகைப்பு நேர்ந்ததுண்டு. அவர் பன்னிரண்டு வயதினராயிருந்தபோது, பஸ்கா பண்டிகை முடிந்து திரும்பும் வழியில் அவரைக் காணாது மூன்று நாள் தேடினர். கூட்டத்தாரோடு வருகின்றார் என்று எண்ணியே ஒரு நாட் பயணம் நடந்துவிட்டனர். எருசலேம் தேவாலயத்திலே போதகர் நடுவில் அவரைக் கண்டபோது, அவர் சொன்ன மறுமொழியின் பொருள் அவர்களுக்கு விளங்கவில்லை என்று லூக்கா எழுதுகின்றார். விளங்காத மகனை மரியாள் என்ன செய்தாள்? நடந்தவற்றையெல்லாம் தன் உள்ளத்திலே காத்துவைத்தாள். விளங்காததை உடனே கண்டித்து அடக்கிவிடாமல், உள்ளத்திலே வைத்துப் பொறுத்திருப்பதும் வழிநடத்தலை நாடும் முறைகளுள் ஒன்று.

பிள்ளை தானே இறைவனுடைய குரலைக் கேட்கப் பழகவேண்டும் என்பதே இவ்வளர்ப்பின் முடிவான நோக்கம். சீலோவிலே சிறுவன் சாமுவேல் தன் பெயர் சொல்லி அழைக்கப்பட்டபோது, ஆசாரியனாகிய ஏலி அழைத்தான் என்றெண்ணி மும்முறை அவனிடம் ஓடினான். மூன்றாம் முறை முதியவனுக்கு உண்மை விளங்கிற்று. உனக்குப் பதிலாக நான் கேட்டுச் சொல்கின்றேன் என்று அவன் கூறவில்லை. மீண்டும் குரல் வந்தால் என்ன மறுமொழி சொல்லவேண்டும் என்று கற்பித்து, சிறுவனைத் தனியே படுக்க அனுப்பினான். அன்றிரவு சாமுவேல் கேட்ட செய்தியோ ஏலியின் குடும்பத்துக்கு எதிரான செய்தி. காலையிலே அதை மறையாமல் சொல்லும்படி கேட்டு, மனமுவந்து ஏற்றுக்கொண்டான் அம்முதியவன். நாம் வளர்த்த பிள்ளை ஒருநாள் நம் குறையை நமக்குச் சொல்லக்கூடும். அதைக் கேட்கும் பொறுமை நமக்கு உண்டா?

அதே ஏலியின் வீட்டிலே மற்றொரு பாடமும் இருக்கின்றது. அவனுடைய மைந்தர் இருவரும் செய்த கொடுமையை அறிந்தும் அவன் அவர்களை அடக்கவில்லை. கண்டிப்பும் அன்பின் ஒரு பகுதியே. ஆனால் கண்டிப்பு என்றவுடன் நம்மவர் கை பிரம்பைத் தேடுகின்றது. நீதிமொழிகளின் ஆகமம் பிரம்பைப் பற்றிப் பேசுகின்றதல்லவா என்பர். மேய்ப்பனுடைய கோல் ஆட்டுக்குத் தேறுதல் தருவதாகத் தாவீதின் பாட்டு சொல்வதையும் அவர்கள் நினைக்கவேண்டும். பிள்ளைகளுக்குக் கோபமூட்டி அவர்களை மனந்தளரச் செய்யலாகாதென்று பவுலடிகள் எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதிய நிருபங்களிலே தகப்பன்மாருக்கே கட்டளையிட்டார். பிள்ளை பெற்றோருக்குக் கீழ்ப்படியவேண்டும் என்ற வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் தந்தையர், அதனை அடுத்து வரும் இக்கட்டளையையும் மனப்பாடம் செய்வது நன்று. கோபத்திலே ஓங்கிய கையிலிருந்து பிள்ளை கற்றுக்கொள்வது அச்சத்தையும் மறைப்பையும் மாத்திரமே என்பது ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அனைவரும் கண்ட உண்மை.

இவற்றிற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். இங்கிலாந்திலே லிங்கன்ஷயரைச் சேர்ந்த எப்வெர்த் என்னும் ஊரில், ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்னர், சூசன்னா வெஸ்லி என்னும் அம்மையார் வாழ்ந்தார். கணவர் ஒரு குருவானவர். வீட்டிலே வறுமையும் கடனும் இருந்தன. அவர் பெற்ற பிள்ளைகள் பத்தொன்பதின்மர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். 1709ஆம் ஆண்டிலே வீடு முழுவதும் தீக்கிரையாயிற்று. மேல்மாடியிலே சிக்கிக்கொண்ட ஐந்து வயதுச் சிறுவன் ஜோன், கடைசி வேளையிலே யன்னல் வழியாகக் காப்பாற்றப்பட்டான். அத்தனை தொல்லைகளின் நடுவிலும், வாரத்தின் ஒவ்வொரு மாலையையும் ஒவ்வொரு பிள்ளைக்கென்று ஒதுக்கி, அப்பிள்ளையோடு தனித்திருந்து அதன் ஆன்மாவைப் பற்றிப் பேசுவது அவ்வம்மையாரின் வழக்கம். ஜோனுக்குரிய நாள் வியாழக்கிழமை. வளர்ந்து பெரியவனாகி வேறிடம் சென்ற பின்னரும், அந்த வியாழக்கிழமை மாலையை மகன் ஏக்கத்தோடு நினைவுகூர்ந்தான். அம்மகனே மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி. 1814ஆம் ஆண்டிலே அவ்வியக்கத்தின் மிஷனரிமார் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பணி தொடங்கினர். அவர்கள் வழியாக எழுந்த பாடசாலைகளிலே நம்மில் எத்தனையோ பேர் எழுத்தறிந்தோம்.

அவ்வம்மையாரின் முறைகள் அனைத்தையும் இன்று நாம் பின்பற்றவேண்டியதில்லை. அவற்றுட் சில மிகக் கடுமையானவை. அவருடைய பெண்மக்கள் சிலரின் வாழ்வும் துயர் நிறைந்ததாகவே அமைந்தது. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு மாலை என்ற வழக்கம் எந்தக் காலத்திற்கும் பொருந்தும். நம் வீடுகளிலே இன்று இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள்தாம். அவர்களுக்கோ பாடசாலை விட்டதும் ரியூசன், அது முடிந்ததும் மற்றொரு ரியூசன். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வகுப்பு வைக்கின்றார்கள்; ஆராதனைக்குப் போவதா வகுப்புக்குப் போவதா என்ற நெருக்கடி கிறிஸ்தவப் பெற்றோருக்கு வாரந்தோறும் எழுகின்றது. இதற்கு நான் சட்டம் வகுக்க விரும்பவில்லை. ஆயினும், ஒரு பிள்ளையின் பத்து வருட ஞாயிற்றுக்கிழமைகளையும் வகுப்புகளுக்குக் கொடுத்துவிட்டு, அவன் பெரியவனான பின் ஆலயத்துக்கு வருவதில்லையே என்று வருந்துவதில் நியாயம் இல்லை. அவன் நாம் நடத்திய வழியிலேதான் நடக்கின்றான்.

தாயும் தந்தையும் சேர்ந்து கேட்கவேண்டும் என்று முன்னர் கூறினேன். அவ்வாறு சேர்ந்திருக்கும் பேறு நம் மண்ணிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை என்பதை நான் அறிவேன். 2009இல் முடிவுற்ற போரிலும், 2004ஆம் ஆண்டுக் கடற்கோளிலும் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர். பிழைப்பைத் தேடி மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்ற தாய்மாரின் பிள்ளைகளைப் பேத்தியார்மார் வளர்க்கின்றனர். அவர்களுக்கு நான் தீமோத்தேயுவின் இல்லத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகின்றேன். அவனுடைய தந்தை கிரேக்கர். விசுவாசத்தை அவனுக்கு ஊட்டியவர்கள் பாட்டியாகிய லோவிசாளும் தாயாகிய ஐனிக்கேயாளும் என்று பவுலடிகள் இருவரையும் பெயர் சொல்லிப் பாராட்டுகின்றார். ஒற்றைக் கையால் வளர்க்கப்பட்டவன் என்று அவனை எவரும் குறைவாய் எண்ணவில்லை. தூரதேசத்திலிருக்கும் தாய்மாருக்கோ சாமுவேலின் தாயாகிய அன்னாள் ஆறுதல். மகனைச் சீலோவிலே விட்டுவந்த அவள், ஆண்டுதோறும் ஒரு சிறு சட்டையைத் தைத்து எடுத்துச்சென்றாள். அவன் இவ்வாண்டு எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று நினைத்து நினைத்தல்லவா அத்துணியை அளந்து வெட்டியிருப்பாள்! கண்ணுக்கெட்டாத பிள்ளையையும் உள்ளத்திலே அளந்துகொண்டிருப்பது ஜெபத்தின் ஒரு வடிவமே.

நேயர்களே, இறுதியாக ஒரு கடினமான கேள்வி எஞ்சியிருக்கின்றது. இறைவனிடம் வழி கேட்டு வளர்த்தால் பிள்ளை தவறாமல் நல்லவனாவானா? திருமறை இதிலே நம்மை ஏமாற்றவில்லை. மனோவா எவ்வளவோ கருத்தாய்க் கேட்டு வளர்த்த சிம்சோன், பெற்றோர் தடுத்தும் கேளாமல் தன் கண்ணுக்குப் பிடித்த வழியே சென்றான். கடைசியிலே கண்ணிழந்து காசாவிலே மாவரைத்தான். நேர்மைக்குப் பெயர்பெற்ற சாமுவேலின் மைந்தர் யோவேலும் அபியாவும் கைக்கூலி வாங்கினர். ஆதலால் ஒரு பிள்ளை வழிதவறிவிட்டால், பெற்றவர் ஒழுங்காக ஜெபிக்கவில்லை என்று ஆலய வாசலிலே நின்று தீர்ப்புச் சொல்வோரைப் போன்ற கொடியவர் இல்லை. பிள்ளைக்கும் தன் விருப்பம் என ஒன்றை இறைவன் கொடுத்திருக்கின்றார்.

அப்படியானால் வழிநடத்தலை நாடியதன் பயன் என்ன? மோனிக்கா அம்மையாரின் வரலாறு இதற்கு ஓரளவு விடை கூறும். இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரிலே 354ஆம் ஆண்டு அவர் மகன் அகஸ்தீன் பிறந்தான். கூரிய அறிவுடைய அம்மகன் இளமையிலே தாயின் நெறியை விட்டு, ஏறக்குறைய ஒன்பது ஆண்டு மாணிக்கேயர் என்னும் கூட்டத்தாரோடு திரிந்தான். தாய் கண்ணீரோடு மன்றாடினார். ஓர் ஆயரிடம் சென்று, மகனோடு வாதிட்டுத் திருத்தும்படி கெஞ்சினார். அந்த ஆயரோ, இப்போது வாதிடுவதிலே பயனில்லை, அவனை விட்டுவிட்டு அவனுக்காக ஜெபியுங்கள் என்ற கருத்துப்பட மறுமொழி கூறினார். 383ஆம் ஆண்டில் அகஸ்தீன் உரோமைக்குப் போக எண்ணியபோது, போகவிடாதிருக்கும்படி தாய் அழுது மன்றாடினார். அவனோ தாயை ஏமாற்றி, அவர் கடற்கரையருகே ஓர் ஆலயத்திலே ஜெபத்தில் இருந்த இரவிலேயே கப்பலேறிப் போய்விட்டான்.

அத்தாயின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஜெபித்துக்கொண்டிருந்த வேளையிலேயே மகன் போய்விட்டான்! கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் உரோமைக்குச் சென்றமையாலேதான் அவன் பின்னர் மிலான் நகரை அடைந்தான். மிலானிலேதான் ஆயர் அம்புரோசைக் கண்டான். அவரிடமே 387ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளிலே ஞானஸ்நானம் பெற்றான். தாய் அஞ்சித் தடுத்த அந்தப் பயணமே, தாய் விரும்பிய இடத்துக்கு அவனைக் கொண்டு சேர்த்தது. இதனை அகஸ்தீன் தாமே பின்னாளில் எழுதி வைத்திருக்கின்றார். அதே ஆண்டிலே, ஒஸ்தியா துறைமுகத்தில், மகன் அருகிலிருக்க மோனிக்கா அம்மையார் அமைதியாகக் கண்மூடினார்.

எல்லாத் தாய்மாரும் இவ்வாறு தம் காலத்திலேயே காண்பதில்லை. மனோவா கண்டதாகவும் திருமறை கூறவில்லை. ஆனால் அவ்வரலாற்றின் முடிவிலே இரண்டு சிறு செய்திகள் உண்டு. எல்லாவற்றையும் இழந்து தூண்களுக்கு இடையில் நின்ற வேளையிலே சிம்சோன் தன் பெற்றோரின் கடவுளை நோக்கி ஜெபித்தான். இறந்தபின் அவனுடைய உறவினர் வந்து அவனை எடுத்துச்சென்று, அவன் தகப்பனாகிய மனோவாவின் கல்லறையிலே அடக்கம் செய்தனர். எவ்வளவு தூரம் அலைந்தாலும் மகனுக்குத் தகப்பனருகே ஓர் இடம் இருந்தது. இளமையிலே கேட்ட ஜெபத்தின் மொழியும் அவன் நாவை விட்டு நீங்கவில்லை. பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியது பெரும்பாலும் இவ்வளவே. அது சிறியதன்று.

இன்றிரவு பிள்ளைகள் உறங்கச் செல்லும் வேளையில், கணவனும் மனைவியும், அல்லது தனித்திருக்கும் தாயோ தந்தையோ, பேத்தியாரோ, ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மனோவா கேட்டதைக் கேட்டுப் பாருங்கள். இந்தப் பரீட்சை, அந்தப் பெறுபேறு என்று ஒன்றையும் குறிப்பிடாமல், இப்பிள்ளைக்கு நாங்கள் செய்யவேண்டியது யாது என்று மாத்திரம் கேளுங்கள். கேட்டபின் சற்று மௌனமாயிருங்கள். விடையாக முதலிலே நினைவுக்கு வருவது நம்முடைய குறையொன்றாகவே இருக்கக்கூடும். அதனைத் தள்ளிவிடாமல், நாளைக் காலையிலே அதிலிருந்தே தொடங்குங்கள்.